தர்மதலாக் கல்வெட்டும் டாலிகஞ்சின் தந்தையும்

1806 வேலூர்க் கிளர்ச்சிக்குப் பின் திப்பு சுல்தானின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு டாலிகஞ்சில் குடியமர்ந்தனர். அத்தோடு அக்குடும்பத்தின் அரசியல் முடிந்தது என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் துணிபு. வாளோடு மடிந்த தந்தை, உதவித்தொகையில் வாழ்ந்த மகன் என்னும் எதிர்வு அவற்றுக்கு வசதியாக இருக்கிறது. அதற்குரிய தலையாய சான்றாகக் காட்டப்படுவது, இளையமகன் குலாம் முகமது கல்கத்தாவின் தர்மதலாவில் எழுப்பி 1842-இல் நிறைவுற்ற மசூதியின் ஆங்கிலக் கல்வெட்டு.

ஆக்லாந்து பிரபுவின் ஆட்சிக் காலத்தில், திப்புவின் மகன் இதைக் கட்டினார் என்கிறது கல்வெட்டு. இறைவனுக்கு நன்றியாகவும், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை 1840-இல் தம் உதவித்தொகை நிலுவையை வழங்கியதன் நினைவாகவும் கட்டியதாகக் காரணமும் சொல்கிறது. இதில் பணிவைத் தவிர வேறெதுவும் இல்லை என்பது வழக்கமான வாசிப்பு.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றி இறைவனுக்குப் போகிறது. கம்பெனிக்குக் கிடைப்பது நினைவுகூரல் மட்டும். நினைவுகூரப்படுவதும் பாக்கி வந்து சேர்ந்த செய்திதான். கொடுக்க வேண்டியது நின்றுபோயிருந்தது, பிறகு கொடுக்கப்பட்டது என்பதைக் கம்பெனியின் மொழியிலேயே, கம்பெனி அதிகாரிகள் நாளும் கடந்துபோன தெருமுனையில் கல்லில் பதித்திருக்கிறார். டாலிகஞ்சிலும் அவர் ஒரு மசூதி கட்டினார். குடும்பத்தார் தொழ அது போதும். தர்மதலாவுக்கு வேறு வாசகர்கள் இருந்தனர்.

வாசகத்தை யாரேனும் எழுத்தர் அமைத்துக் கொடுத்திருக்கலாம், மறுக்க வழியில்லை. ஆனால் தந்தை பெயரை அதில் விடாமல் நிறுத்தியது கட்டியவரின் விருப்பமாகவே இருக்க வேண்டும். 1799-இல் திப்பு வீழ்ந்தபோது அவருக்கு வயது நான்குதான். நேரில் சரிவர அறியாத தந்தையைத் தம் உரிமைக்கு ஆதாரமாக்குவதே அவர் கற்றுக்கொண்ட தலைமை. தம் பிள்ளைகளுக்கு அவர் விட்டுச்செல்ல முயன்றதும் கோட்டையன்று, மறுக்க முடியாத ஆவணம்.

இந்தக் கண்ணோட்டத்தில் அவருடைய பிற்காலச் செயல்களும் ஒழுங்குபெறுகின்றன. 1850-களில் மகன் பெரோஸ் ஷாவுடன் லண்டன் சென்றார். உதவித்தொகை தம் தலைமுறையோடு நின்றுவிடக் கூடாதென்று வாரிசுகளுக்காக முறையிட்டார். 1870-இல் அவர் ஆங்கிலேயரிடம் பட்டம் பெற்றதைச் சிலர் எதிர்ச்சான்றாகக் காட்டுவர். வழக்காடுபவர் நீதிபதியை வணங்குவதில் வியப்பென்ன? பின்வந்தோரில் சிலர் கல்கத்தாவில் ரிக்ஷா இழுக்க நேர்ந்ததும் வாதமாகாது. தோற்ற வழக்கும் வழக்குதான்.

1855-இல் லண்டனில் வெளியான ஒரு நூலை இவ்விவாதத்தில் எவரும் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. திப்புவின் தந்தை ஹைதர் அலியின் படையில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய வரலாற்றைக் குலாம் முகமது திருத்தி வெளியிட்டார். திப்புவின் பிள்ளைகளில் எஞ்சியிருக்கும் ஒரே மகன் என்று முகப்பிலேயே தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். பிள்ளைகளுக்காக மனுவும் தந்தைக்காக நூலும், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே நகரத்து அதிகாரிகளின் முன் வைக்கப்பட்டன.