தறிக்கு மேல ஒரு தளம்: ஆரணி வீட்டுக் கூரையின் கதை

இந்த எபிசோடு ஒரு கூரையைப் பத்தினது.

ஆரணின்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது பட்டுப்புடவை. அந்தப் புடவையை நெய்யுற தறி நிறைய இடங்கள்ல வீட்டுக்குள்ளதான் இருக்கு. தரையில குழி, குழிக்குள்ள காலை விட்டு உட்கார்ந்து நெய்யுற நெசவாளர், தறிக்கு மேல டிசைன் போடுற ஜக்கார்டு பெட்டி, அதுக்கும் மேல வீட்டுக் கூரை. ஐப்பசி, கார்த்திகை மழையில அந்தக் கூரை ஒழுகினா நனையுறது பாவு, அதாவது தறியில நீளவாக்குல ஏத்தியிருக்கிற பட்டு நூல். ஒரு பாவுல பல புடவை வரும். துரு கலந்த தண்ணி ஒரு சொட்டு விழுந்தாலும் பட்டுல அந்தக் கறை லேசுல போகாது. நம்ம அபார்ட்மெண்ட்ல சீலிங் ஒழுகினா எரிச்சல்தான் வரும். அங்க வேலையே நின்னுடும்.

ஓட்டையும் சுண்ணாம்பையும் விட்டுட்டு கான்கிரீட்டுக்கு மாறினது இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான். அப்படின்னா 30, 40 வருஷம் ஆன தளங்கள் ஏன் இப்போ கீழ்ப்பக்கம் உப்பி, கம்பி தெரிய உதிருது?

ஓடு, மெத்தை, அப்புறம் சிமெண்ட்

வட தமிழ்நாட்டுல பழைய வீடுகள் பெரும்பாலும் ரெண்டு வகை. ஒண்ணு ஓட்டு வீடு. முதல்ல நாட்டு ஓடு. 1865ல பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்ச பிறகு, மெல்ல மெல்ல சீமை ஓடும் வந்தது. இன்னொண்ணு வசதியானவங்க கட்டின மெத்தை வீடு. அதோட கூரைக்கு மெட்ராஸ் டெரஸ்னு பேரு. மர உத்தரங்களுக்கு மேல மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டுல, மூலைவாக்கா அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள் கணக்கா அடிச்சு இறுக்குவாங்க. கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் சேர்ப்பாங்க. கடைசியா தட்டோடு. இந்தக் கூரைக்குள்ள இரும்புக் கம்பியே கிடையாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இங்கிலாந்துல ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினது 1824ல. பிரான்ஸ்ல ஜோசப் மோனியேன்னு ஒரு தோட்டக்காரர், பூந்தொட்டி உடையாம இருக்க சிமெண்ட்டுக்குள்ள இரும்புக் கம்பி வெச்சு, 1867ல காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு நம்ம தலைக்கு மேல இருக்கிற ஆர்.சி.சி. தளத்தோட முன்னோர்கள்ல அந்தப் பூந்தொட்டியும் ஒண்ணு. இந்தியாவுல சிமெண்ட் தயாரிக்கிற முதல் முயற்சி நடந்தது நம்ம மெட்ராஸ்ல, 1904ல, கடல் கிளிஞ்சலை வெச்சு. அது நிலைக்கலை. 1914ல போர்பந்தர்ல ஆரம்பிச்சதுதான் தொடர்ந்து நடந்தது.

ஆனா சாதாரண குடும்பம் கான்கிரீட் வீடு கட்ட இன்னும் பல வருஷம் ஆச்சு. சிமெண்ட் ரொம்ப காலம் அரசாங்கக் கட்டுப்பாட்டுல இருந்தது. வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டா சிமெண்ட் பெர்மிட்டுக்கு அலைஞ்ச கதை சொல்லுவாங்க. 1982ல கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது, 1989ல முழுசா போச்சு. கடைக்குப் போய் மூட்டை வாங்க முடிஞ்ச பிறகு, சின்ன ஊர்கள்லயும் தளம் போட்ட வீடு வேகமா பெருகிச்சு. இன்னைக்கு உதிர ஆரம்பிச்சிருக்கிற தளங்கள்ல நிறைய அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது.

ஒரே காத்து, ரெண்டு வேலை

சுண்ணாம்பு காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிதான் கெட்டிப்படும். வருஷம் ஆக ஆகத் திரும்பவும் சுண்ணாம்புக்கல்லா மாறும். கான்கிரீட்டுக்குள்ளயும் அதே வாயு போகும், ஆனா அங்க விளைவு வேற. புது கான்கிரீட்டோட பி.ஹெச். 12.5க்கு மேல இருக்கும். அந்தக் காரத்தன்மைதான் உள்ள இருக்கிற கம்பி மேல ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி, துரு பிடிக்காம காக்குது. கார்பன் டை ஆக்சைடு மெதுவா உள்ள இறங்கி பி.ஹெச். 9க்குக் கீழ கொண்டு வந்துட்டா அந்தப் படலம் போயிடும். அதுக்கப்புறம் தண்ணி வந்தா துரு. துரு, இரும்பை விட ரெண்டு மடங்குக்கும் மேல இடம் எடுக்கும். அது உள்ளயிருந்து தள்ளுறதாலதான் தளம் உப்பி உதிருது.

அந்த வாயு இறங்குற ஆழம் சுமாரா காலத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி வளரும். ஆழம் ரெண்டு மடங்காக நாலு மடங்கு காலம் வேணும். கம்பிக்குக் கீழ 15 மில்லிமீட்டர் கான்கிரீட் இருந்து, அதைக் கடக்க 36 வருஷம் ஆகும்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம். கவர் பிளாக் வைக்காம கம்பி கீழ இறங்கி 5 மில்லிமீட்டர்தான் மிச்சம்னா, 4 வருஷம் போதும். 10 மில்லிமீட்டர் வித்தியாசத்துல 32 வருஷம் போச்சு. ஐ.எஸ். 456ன்னு நம்ம நாட்டு கான்கிரீட் விதிநூல் இருக்கு. அதோட 1978 பதிப்பு தளக் கம்பிக்குக் கேட்டது குறைஞ்சது 15 மில்லிமீட்டர் கவர், எம்15 கலவை. 2000 பதிப்பு கலவையை எம்20க்கு உயர்த்தி, கவரையும் கூட்டிச்சு. நடுவுல எழும்பின வீடுகள் பழைய கணக்குல வந்தவை, அதுவும் கொத்தனார் அந்தக் கணக்கைப் பார்த்திருந்தா.

குளிர் நாட்டு மருந்து, நம்ம ஊர் நோய்

இன்டர்நெட்ல கான்கிரீட் ரிப்பேர்னு தேடினா வர்ற அறிவுரைகள்ல நிறைய குளிர் நாட்டுக்காரங்க எழுதினது. அங்க பிரச்சனை வேற. கான்கிரீட்டோட நுண்துளைக்குள்ள இருக்கிற தண்ணி உறையும்போது 9 சதவீதம் பெருசாகும். உறைஞ்சு, உருகி, திரும்ப உறைஞ்சு, மேற்பரப்பே செதில் செதிலா பேர்ந்துடும். பனி உருக ரோட்டுல போடுற உப்பு இன்னும் மோசமாக்கும். 1930கள்ல அமெரிக்காவுல சில சாலைகள் மட்டும் இதைத் தாங்கி நின்னது. காரணம் தேடினா, சிமெண்ட் அரைக்கும்போது கலந்த கொழுப்பு கான்கிரீட்டுக்குள்ள நுண்ணிய காத்துக் குமிழிகளை உண்டாக்கியிருக்கு. உறையுற தண்ணிக்கு அந்தக் குமிழி இடம் கொடுக்குது. இன்னைக்கு குளிர் பிரதேசங்கள்ல வேணும்னே காத்துக் குமிழி சேர்க்கிறாங்க. மைனஸ் 20 டிகிரிக்குப் போற லே மாதிரி ஊருக்கு அது அவசியம். ஆரணியில தண்ணி உறையுறது ஃப்ரிட்ஜ்ல மட்டும்தான்.

ரெண்டு ஊருக்கும் பொது எதிரி தண்ணி. ஆனா அங்க சேதம் கான்கிரீட்ல ஆரம்பிக்குது, இங்க கம்பியில. அதனால மருந்தை அப்படியே காப்பியடிக்க முடியாது. நம்ம ஊர்ல அடிக்கடி நடக்கிறது இதுதான்: மேல ஒழுகுறதை விட்டுட்டு, கீழ சீலிங்ல வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கிறது. மேலயிருந்து இறங்கின தண்ணி வெளிய போக வழி இல்லாம, கம்பி இருக்கிற இடத்துலயே தங்கும். கறை ஒரு சீசனுக்கு மறையும். துரு உள்ள வளரும்.

சுண்ணாம்பு மந்திரம் இல்ல

இதைக் கேட்டதும், பழைய சுண்ணாம்புக் கட்டடம்தான் பெஸ்ட்டுன்னு சொல்லத் தோணும். ஆரணி பக்கத்துல பூசிமலைக்குப்பத்துக்குப் போய்ப் பாருங்க. ஆரணி ஜாகீர்தார்கள் கட்டின மாளிகை அங்க இருக்கு. பல வருஷம் கவனிப்பில்லாம சிதைஞ்சு போச்சு. ஆள் இல்லைன்னா சுண்ணாம்பும் சாகும்.

பழைய வீட்டைக் காப்பாத்தினது ஒரு பழக்கம். மழைக்கு முன்னாடி ஆள் ஏறி உடைஞ்ச ஓட்டை மாத்தினாங்க. பொங்கலுக்கு வெள்ளையடிச்சாங்க. அந்தச் சாக்குல வீட்டோட ஒவ்வொரு விரிசலையும் வருஷம் ஒரு தடவை யாரோ ஒருத்தர் கண்ணால பார்த்தாங்க. கான்கிரீட் "போட்டா போட்டதுதான், திரும்பிப் பார்க்க வேண்டாம்"ங்கிற நம்பிக்கையோட வந்தது. நாம பார்க்கிறதை நிறுத்திட்டோம். நான் வேலை பார்க்கிற சாஃப்ட்வேர் உலகத்துல இதுக்கு டெக்னிக்கல் டெப்ட்னு பேரு. இன்னைக்குத் தள்ளிப்போடுற சின்ன வேலை, நாளைக்கு வட்டியோட வரும்.

என்ன பண்ணலாம்?

புரட்டாசியிலயே மொட்டை மாடிக்கு ஏறுங்க. தண்ணி போற குழாய் வாயை சுத்தம் பண்ணுங்க. ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி எங்க தேங்குதுன்னு பாருங்க. தட்டோடு இணைப்புல விரிசல் இருந்தா அடைங்க, கைப்பிடிச் சுவர் ஓரத்துல முளைச்ச அரசங்கன்னை வேரோட எடுங்க.

ஏற்கனவே உதிர ஆரம்பிச்சிருந்தா, முதல்ல மேல ஒழுகுறதை நிறுத்தணும். அப்புறம் கீழ தளர்ந்த கான்கிரீட்டை, கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் தட்டி எடுக்கணும். புதுசா உடைச்ச இடத்துல ஃபினால்ஃப்தலீன் தெளிச்சா, காரத்தன்மை இருக்கிற பகுதி பிங்க் ஆகும், போன பகுதி நிறம் மாறாது. எவ்வளவு தூரம் பாதிப்புன்னு கண்ணாலயே தெரிஞ்சிடும். கம்பியைத் துரு போகத் தேய்ச்சு, துருத் தடுப்பு பிரைமர் பூசி, பாலிமர் கலந்த கலவையால மூடணும். துரு மேலயே சிமெண்ட் பூசினா அது திரும்பவும் விழும். கம்பி ரொம்ப மெலிஞ்சிருந்தாலோ தளம் தொய்ஞ்சிருந்தாலோ, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காம கை வைக்காதீங்க. அதுவரைக்கும் அந்த இடத்துக்குக் கீழ தறியையும் போடாதீங்க, கட்டிலையும் போடாதீங்க.

இந்த வாரம் ஊருக்குப் போறவங்க மாடிக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க. குழாய் வாய் எப்படி இருந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.