ஒரகடம் பஸ்ஸும் ஒரு வெள்ளைக் குள்ளனும்

உங்க கையில இருக்கிற போன் ஸ்ரீபெரும்புதூர்ல அசெம்பிள் ஆனதா இருக்கலாம். அதுக்குள்ள இருக்கிற செம்பு சூடானா, அதோட எலெக்ட்ரான்கள் எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கும்? இந்தக் கேள்விக்கான விடை 1928-ல மெட்ராஸுக்கு வந்து ஒரு காலேஜ் பையனை மாத்தின கதைதான் இன்னைக்கு.

பழைய இயற்பியல், எலெக்ட்ரான்களை வாயு மாதிரி நினைச்சது. சூடேத்தினா எல்லாமே ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கணும். ஆனா உலோகத்தை அளந்து பார்த்தா, எலெக்ட்ரான்களோட பங்கையே கிட்டத்தட்ட காணோம்!

1926-ல ஃபெர்மியும் டிராக்கும் தனித்தனியா ஒரு புது எண்ணும் முறையைக் கொடுத்தாங்க. ஒரகடம் ஷிஃப்ட்டுக்குப் போற கம்பெனி பஸ்ஸை நினைச்சுக்கோங்க. ஒரு சீட்டுக்கு ஒரு ஆள். முன்னாடியிலிருந்து சீட் நிரம்பியிருக்கு, பின்னாடி மட்டும் காலி. பஸ் குலுங்கினா, காலி சீட்டை ஒட்டி இருக்கிறவங்கதான் நகர முடியும். நடுவுல இருக்கிறவர் எங்க போவார்? எலெக்ட்ரானும் அப்படித்தான். செம்புல அந்தக் கடைசி சீட்டோட ஆற்றலை வெப்பநிலையா மாத்தினா சுமார் 80,000 கெல்வின். நம்ம அறையோ வெறும் 300. அதனால பழைய கணக்குல நூத்துல ஒரு பங்கு வெப்பத்தைத்தான் எலெக்ட்ரான்கள் வாங்குது. உலோகத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டவர் ஜெர்மனியின் சோமர்ஃபெல்ட்.

அவர் 1928-ல மெட்ராஸ் வந்தப்போ, மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் தேடிப் போய்ப் பார்த்தார். சோமர்ஃபெல்டோட அணு பத்தின புத்தகத்தை ஊன்றிப் படிச்சிருந்த பையன். ஆனா அந்தப் புத்தகத்துக்குப் பிறகு இயற்பியலே மாறிடுச்சுன்னு அதை எழுதினவரே சொல்லிட்டார். கூடவே, இன்னும் அச்சில் வராத தன் உலோகக் கட்டுரையோட புரூஃபையும் கொடுத்தார்.

படிச்சதெல்லாம் பழசுன்னு தெரிஞ்சா நாம என்ன செய்வோம்? சந்திரசேகர் புதுசைக் கத்துக்கிட்டார். 1929-லயே லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல அவரோட கட்டுரை வந்துடுச்சு.

1930-ல இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வெள்ளைக் குள்ளன் நட்சத்திரங்களுக்கு இந்த எலெக்ட்ரான் கணக்கைக் கேம்பிரிட்ஜின் ஃபவுலர் ஏற்கெனவே போட்டிருந்தார். அந்த நட்சத்திரத்துக்குள்ள கோடி டிகிரி சூடு இருக்கலாம். ஆனா எலெக்ட்ரான்கள் அவ்வளவு நெருக்கமா இருக்கிறதால, அங்க கடைசி சீட்டோட வெப்பநிலை 100 கோடி கெல்வினையும் தாண்டும். கணக்குப்படி பார்த்தா, நட்சத்திரமும் உங்க போன் செம்பு மாதிரி 'குளிர்ந்தது'தான்! அதோட சார்பியலையும் சேர்த்துப் பார்த்தார் சந்திரசேகர். வெள்ளைக் குள்ளனுக்கு எடை வரம்பு கிடைச்சது: சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. 1983-ல நோபல்.

சூடா குளிரான்னு தெர்மாமீட்டர் மட்டும் சொல்லாது மக்களே. பஸ்ஸுல காலி சீட் எங்க இருக்குன்னும் பார்க்கணும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.