பீர் ஆலையில் பிறந்த மாத்திரை

பென்சிலின் என்றதும் எல்லோரும் லண்டனுக்குப் போய்விடுகிறார்கள். 1928, பிளெமிங், பூஞ்சை படிந்த கண்ணாடித் தட்டு. அரசு மருத்துவமனையில் மருந்து கொடுத்தே காலம் தள்ளியவன் நான். என் ஓட்டு குண்ட்லுக்குத்தான். ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டில் உள்ள சிற்றூர் அது.

பிளெமிங் கண்ட பென்சிலினை விழுங்கினால், இரைப்பை அமிலமே அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். ஊசியில் ஏற்றினாலும் சிறுநீரகம் விரைவில் வெளியே தள்ளிவிடும். அதனால் 1940களில் மூன்று நான்கு மணிக்கொரு ஊசி. நள்ளிரவிலும் நோயாளியை எழுப்பிக் குத்த வேண்டும். குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த நர்சுகளைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

போர் முடிந்தபோது டிரோல் பிரெஞ்சுப் படையின் கையில் இருந்தது. வேதியியல் தெரிந்த மிஷேல் ரம்போ என்ற பிரெஞ்சு அதிகாரியின் முயற்சியால், குண்ட்லில் மூடிக்கிடந்த பீர் ஆலையில் 1946இல் ‘பயோகெமி’ நிறுவனம் உருவானது. பீருக்கு ஈஸ்ட், பென்சிலினுக்குப் பூஞ்சை. இரண்டுக்கும் தொட்டியும் நொதித்தலும் வேண்டும். ஆனால் பீர்த் தொட்டி ஆய்வகக் குடுவை அல்லவே! கண்ட பாக்டீரியாவும் உள்ளே புகுந்தது. அவற்றில் சில, உருவாகும் பென்சிலினையே உடைத்துப் போட்டன. தோசை மாவில் வேண்டாத கிருமி சேர்ந்தால் ஒரு பாத்திரத்தோடு போகும். இங்கே தொட்டி தொட்டியாகப் போயிற்று.

கிருமியை அடக்க ஃபீனாக்சி எத்தனாலைக் கலந்தார்கள். வெறும் காவலுக்கு வைத்த சரக்கு. பூஞ்சையோ அதை மாற்றி, பென்சிலின் மூலக்கூறின் பக்கச் சங்கிலியாகவே கோத்துக்கொண்டது. எர்ன்ஸ்ட் பிராண்டல், ஹான்ஸ் மார்கிரைட்டர் என்ற இருவர் அப்படி உருவான பென்சிலினைச் சோதித்தபோது அமிலத்தில் அது சிதையாமல் நின்றது. 1952 வாக்கில் விழுங்கத்தக்க பென்சிலின் வந்துவிட்டது. பென்சிலின் வி என்று நாங்கள் எடுத்துக்கொடுத்தது இதைத்தான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. இதே மூலக்கூறை அமெரிக்காவின் எலி லில்லி ஆய்வாளர்கள் 1948இலேயே செய்திருந்தார்கள். பூஞ்சைக்கு எந்தச் சேர்மத்தை ஊட்டினால் எந்தப் பென்சிலின் வரும் என்று வரிசையாகப் பார்த்தவர்கள், அமிலத்தைத் தாங்குமா என்ற பக்கம் போகவில்லை. பணமும் வசதியும் அவர்களிடம்தான் இருந்தன. தற்செயல் என்று இதைத் தள்ளிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். கலந்தது தற்செயல், சோதித்தது தற்செயல் அல்ல.

ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு, அது திரும்பி வந்து இதய வால்வை மேலும் கெடுக்காதிருக்க, பென்சிலின் ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிதான் அதற்கு நம்பகமானது. அது முடியாத பிள்ளைக்கு 250 மில்லிகிராம் மாத்திரை, காலையும் மாலையும். பள்ளிப் பையைத் தோளில் மாட்டியபடியே வாங்கிப் போகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

1963இல் சாண்டோஸ் மருந்து நிறுவனம் அந்த ஆலையை வாங்கியது. குண்ட்லில் பென்சிலின் உற்பத்தி நிற்கவில்லை. அதைக் காப்பாற்ற 2020இல் ஆஸ்திரிய அரசும் நிறுவனமும் சேர்ந்து 15 கோடி யூரோ திட்டம் அறிவித்தன.

பி.பார்ம் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களே, பிளெமிங்கோடு பாடத்தை முடிக்காதீர்கள். பிராண்டலுக்கும் மார்கிரைட்டருக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.