‘நம்ம’ ஏ.பி.டி.: பெங்களூரு நினைவில் வைத்த அயலார்

2015 நவம்பர் 14 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையே டெஸ்ட் ஆட்டம் ஒன்று தொடங்கியது. ஏ.பி. டிவில்லியர்ஸுக்கு அது நூறாவது டெஸ்ட். அவர் மட்டையுடன் இறங்கியபோது ‘ஏ பி டி, ஏ பி டி’ என்ற முழக்கம் அரங்கை நிறைத்தது. முழங்கியவர்கள் இந்திய ரசிகர்கள். பந்துவீசிக்கொண்டிருந்ததும் இந்திய அணிதான். அவர் 85 ஓட்டங்கள் எடுத்தார். தென்னாப்பிரிக்கா 214 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அடுத்த நான்கு நாள்களையும் மழை கொண்டுபோனது. இன்று அந்த டெஸ்டைப் பற்றிப் பேசுவோர் நினைவுகூர்வது அந்த முழக்கத்தைத்தான்.

அயல்நாட்டு ஆட்டக்காரர் ஒருவரை ஓர் ஊர் தன்னவராகக் கொள்வது பெங்களூரு கண்டுபிடித்த வழக்கமன்று. இங்கிலாந்தின் கவுண்டி அணிகளில் முன்பெல்லாம் வெளிநாட்டு வீரர் சில காலம் அங்கேயே குடியிருந்து தகுதி பெற்ற பின்னரே முறையாக ஆட முடியும். 1968இல் அந்த நிபந்தனை தளர்ந்தது. கார்பீல்டு சோபர்ஸ் நாட்டிங்கம்ஷயருக்கு வந்தார், பரூக் எஞ்சினியர் லங்காஷயருக்குப் போனார். நம் வெங்கட்ராகவன் 1973 முதல் டெர்பிஷயருக்கு ஆடினார். 1974இல் சாமர்செட் அணிக்கு ஆன்டிகுவாவிலிருந்து விவியன் ரிச்சர்ட்ஸ் வந்தார். அதே ஆண்டு நவம்பரில் அவர் தம் முதல் டெஸ்டை ஆடியது பெங்களூரில், இதே மைதானத்தில். மைதானத்துக்கும் அதுவே முதல் டெஸ்ட். இரு இன்னிங்ஸிலும் பி.எஸ். சந்திரசேகர் அவரை 4, 3 ஓட்டங்களில் வெளியேற்றினார். அன்று அவரைப் பார்த்தவர்கள் டாண்டன் மைதானத்து வாயிலுக்கே பின்னாளில் அவர் பெயரைச் சூட்டுவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ரிச்சர்ட்ஸையும் ஜோயல் கார்னரையும் 1986இல் சாமர்செட் நிர்வாகம் நீக்கியது. இயன் போத்தம் அணியைவிட்டே விலகினார். ரசிகர்கள் இரு தரப்பாகப் பிரிந்தனர். ஆனால் அவர்களில் பலர் மன்றத்தின் உறுப்பினர்கள். அவர்கள் கூடி வாக்களித்து நிர்வாகத்தின் முடிவை ஏற்றார்கள். முடிவு சரியா தவறா என்பது வேறு. அவர்கள் கையில் ஒரு வாக்கு இருந்தது.

பெங்களூரு முதலில் ஆள் அனுப்பிய ஊர். 1995 கோடையில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்ததால் கர்ட்லி ஆம்புரோஸ் நார்தாம்டன்ஷயருக்கும் கோர்ட்னி வால்ஷ் குளோஸ்டர்ஷயருக்கும் ஆட இயலவில்லை. அந்த இரு இடங்களையும் நிரப்பியவர்கள் கர்நாடகத்தின் அனில் கும்ப்ளேவும் ஜவகல் ஸ்ரீநாத்தும். ஸ்ரீநாத் 87 விக்கெட்டுகள் எடுத்தார். கும்ப்ளே எடுத்தது 105. மறு ஆண்டு விஸ்டன் நூல் கும்ப்ளேவை ஆண்டின் ஐந்து வீரர்களுள் ஒருவராகத் தேர்ந்தது. 2000இல் ராகுல் திராவிட் கென்ட் அணிக்கு ஆடினார்.

2008இல் இந்த ஓட்டம் திசை திரும்பியது. ஐ.பி.எல்.லின் முதல் ஆட்டம் ஏப்ரல் 18 அன்று சின்னசாமி மைதானத்தில் நடந்தது. எதிரணியான கொல்கத்தாவின் நியூசிலாந்துக்காரர் பிரெண்டன் மெக்கல்லம் ஆட்டமிழக்காமல் 158 எடுக்க, திராவிட் தலைமையிலான பெங்களூரு அணி 82 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அணிக்குப் பெயர் ஒரு மது வகையிலிருந்து வந்தது. உரிமை ஒரு நிறுவனத்திடம் இருந்தது. ரசிகருக்கு வாக்கு இல்லை. அவரிடம் இருந்தது நுழைவுச்சீட்டும் குரலும்.

கிறிஸ் கெயில் தற்செயலாக வந்தார். 2011 ஏலத்தில் அவரை எவரும் வாங்கவில்லை. டர்க் நானஸ் காயமடைந்ததால் தொடரின் நடுவே அழைக்கப்பட்டவர், 12 ஆட்டங்களில் 608 ஓட்டங்கள் குவித்தார். 2012இல் 733. 2013 ஏப்ரல் 23 அன்று புனே அணிக்கு எதிராக 66 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 175: பதினேழு சிக்சர்கள், முப்பது பந்துகளில் சதம். ஆயினும் 2011 இறுதியாட்டத்தில், சேப்பாக்கத்தில், அஸ்வினின் முதல் ஓவரிலேயே ஓட்டம் எடுக்காமல் வெளியேறியவரும் அவரே. சென்னை ரசிகர்கள் மறக்காத பந்து அது. பெங்களூரு ரசிகர்களும் மறக்கவில்லை, மன்னித்துவிட்டார்கள்.

டிவில்லியர்ஸ் 2011 முதல் 2021 வரை இருந்தார். இந்தத் தங்குதலுக்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஏலம் அணிகளைக் கலைத்துப்போடும். விரல்விட்டு எண்ணத்தக்க சிலரையே தக்கவைக்கலாம். 2014இல் பெங்களூரு தக்கவைத்த மூவர் கோலி, கெயில், டிவில்லியர்ஸ். 2018இல் கெயில் விடப்பட்டார். ஏலத்தில் மூன்றாம் முறை பெயர் அழைக்கப்பட்டபோது பஞ்சாப் அணி அடிப்படை விலைக்கு வாங்கியது. சாமர்செட்காரர்களைப்போல் கூடி வாக்களிக்க இங்கே யாருக்கும் வழியில்லை.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். கன்னட ரசிகர் ‘நம்ம ஏ.பி.டி.’ என்கிறார். தமிழில் ‘நம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘எங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. தெலுங்கிலும் இந்தப் பிரிவினை உண்டு. இன்றைய கன்னடத்தில் இல்லை. ‘நாவு’, ‘நம்ம’ இரண்டுக்கும் பொது. சென்னை ரசிகரிடம் ‘நம்ம ஏ.பி.டி.’ என்று கன்னடத்தில் சொன்னால், அது உரிமை கொண்டாடலா, பங்கிட்டுக்கொள்ள அழைப்பா என்பதைச் சொல் காட்டிக்கொடுப்பதில்லை. அரங்கில் தமிழரும் தெலுங்கரும் இந்தி பேசுவோரும் அமர்ந்திருக்கும் ஊருக்கு இது பொருந்திய சொல். கன்னட ரசிகர்கள் இன்னொன்றும் செய்தார்கள்: ஏ, பி, டி என்ற மூன்று எழுத்துகளை ‘ஆபத்பாந்தவ’ என்று விரித்தார்கள். 2016 மே 24 அன்று குஜராத் அணிக்கு எதிராக 159 இலக்கைத் துரத்துகையில் பெங்களூரு 29 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்தது. டிவில்லியர்ஸ் ஆட்டமிழக்காமல் 79 எடுத்து அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுசென்றார். அந்தப் பெயருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் இந்த நினைவு நடுநிலையானதன்று. அது மட்டையாளரின் பக்கம் சாய்ந்தது. எல்லைக்கோடு நெருக்கமாக உள்ள, பந்து எளிதில் பறக்கும் மைதானத்தில் பந்துவீச்சாளர் பட்ட பாட்டை யாரும் பாடவில்லை. முத்தையா முரளிதரன் 2012 முதல் 2014 வரை இந்த அணியில் இருந்தார் என்பதே பலருக்கு வியப்பூட்டும். மிட்செல் ஸ்டார்க் 2015இல் 20 விக்கெட்டுகள் எடுத்தார். ஷேன் வாட்சனும் 2016இல் 20 எடுத்தார். அவரைப் பற்றி நினைவிருப்பதோ அவ்வாண்டு இறுதியாட்டத்தில் அவர் விட்டுக்கொடுத்த 61 ஓட்டங்கள். ஹைதராபாத்திடம் அன்று 8 ஓட்டங்களில் தோற்றார்கள்.

2023 மார்ச் 26 அன்று நிறைந்த சின்னசாமி அரங்கில் டிவில்லியர்ஸின் 17ஆம் எண்ணும் கெயிலின் 333ஆம் எண்ணும் வேறெவருக்கும் தரப்படாதவாறு ஓய்வளிக்கப்பட்டன. 333 என்பது காலேயில் இலங்கைக்கு எதிராக அவர் எடுத்த டெஸ்ட் ஓட்டங்களின் எண்ணிக்கை. அணிக்கு அதுவரை ஐ.பி.எல். கோப்பை இல்லை. கோப்பையற்ற அணி இருவருக்கு இத்தகைய சிறப்பைச் செய்தது விந்தையாகத் தோன்றலாம். தோற்ற ஆண்டுகளில் வாங்கிய நுழைவுச்சீட்டுக்குப் பதிலாக ரசிகருக்குக் கிடைத்தவர்கள் இந்த இருவரே என்று பார்த்தால் விந்தையில்லை.

2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பெங்களூரு 6 ஓட்ட வித்தியாசத்தில் பஞ்சாபை வென்றது. 2009 இறுதியாட்டத்தில் தோற்ற வித்தியாசமும் அதே 6. அணிக்காக அந்தத் தொடரில் அதிக விக்கெட்டுகள் எடுத்தவர் ஆஸ்திரேலியரான ஜோஷ் ஹேசல்வுட், 22. ஆனால் கோலியின் இருபுறமும் நின்று கோப்பையைத் தூக்கியவர்கள் எப்போதோ விலகிவிட்ட டிவில்லியர்ஸும் கெயிலும்.

மறுநாள் மாலை பெங்களூரில் பாராட்டு விழா. ஆண்டுதோறும் ரசிகர்கள் எழுப்பிய முழக்கம் ‘ஈ சல கப் நம்தே’: இம்முறை கோப்பை நமதே. அது இனி ‘நம்தே’ இல்லை, ‘நம்து’ என்று கோலி மேடையில் சொன்னார். விருப்பத்தின் ஏகாரம் நீங்கி, நமது என்ற வெறும் கூற்று மிஞ்சியது. அதற்குள் மைதானத்தின் வாயில்களில் நெரிசலில் சிக்கி 11 ரசிகர்கள் இறந்துபோயிருந்தார்கள்.