பவர் ஹவுஸும் மின் நிலையமும்

கோயம்புத்தூர் டாடாபாத்திலே நடத்துநர் ‘பவர் ஹவுஸ்’ என்று கூவ, பஸ்ஸை விட்டு இறங்குவோர் காண்பது மின்வாரிய அலுவலகங்களையேயன்றி, மின்சாரம் பிறக்கும் யந்திரசாலையை அன்று. சென்னைக் கோடம்பாக்கத்திலும் இதே பெயரில் ஒரு நிறுத்தம் உண்டு. மின்னழுத்தத்தைத் தணித்துத் தெருக்களுக்குப் பகிர்ந்தளிக்கும் இடத்தை மின்பொறியியல் துணை மின் நிலையம் என்கிறது. ஊராருக்கோ, தம் வீட்டு விளக்குக்குக் கம்பி புறப்படும் இடமே பவர் ஹவுஸ்.

கோவைக்கு வாழ்வளித்த மெய்யான பவர் ஹவுஸ் நீலகிரிச் சரிவிலுள்ள பைக்காரா நிலையம். 1932-இல் இயங்கத் தொடங்கிய அதில், 3,000 அடிக்கும் மேலான உயரத்தினின்று இரும்புக் குழாய்களில் இறங்கும் நீர், குறுகிய வாயின் வழியே பீறிட்டு, பெல்ட்டன் சக்கரத்தின் விளிம்பில் இரட்டைக் கரண்டிகள்போல் அமைந்த கிண்ணங்களில் மோத, சக்கரமும் அதனோடு பிணைந்த ஜெனரேட்டரும் சுழல்கின்றன. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தோன்றிய காலத்தில் நீராவியை நம்பியிருந்த நூற்புத் தொழில், மலிவான இம்மின்சக்தி வந்தபின் முப்பதுகளில் ஆலைமேல் ஆலையாகப் பெருகிற்று, எருதுகள் கவலை இழுத்து நீரிறைத்த கிணறுகளில் பம்புசெட்டு ஏறிற்று, 1937-இல் தொழில்முனைவோரான ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை இந்நகரிலேயே செய்தளித்தனர்.

பொருள் இவ்வாறு வேரூன்ற, சொல்லும் தழைத்தது. தெலுங்கும் கன்னடமும் ‘வித்யுத்’ என்ற வடசொல்லைத் தழுவ, தமிழோ ஒளிவீச்சைக் குறிக்கும் தன் பழைய ‘மின்’னோடு வடமொழிச் ‘சார’த்தைக் கூட்டி மின்சாரம் என்றது. சாரம் என்பதற்குச் சத்து என்றும், சஞ்சாரம் என்பதிற்போல இயக்கம் என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. இரண்டும் ஈண்டுப் பொருந்தும். ‘நிலையம்’ என்பதோ, நிலை என்னும் தமிழ்ச்சொல்லையும் உறைவிடத்தைக் குறிக்கும் வடமொழி ‘நிலய’த்தையும் ஒருங்கே நினைவூட்டி, ‘ஹவுஸ்’ என்பதற்கு இயல்பாகவே ஈடாயிற்று. அதன்பின் நிலக்கரியால் இயங்குவது அனல் மின் நிலையம், நீரால் இயங்குவது புனல் மின் நிலையம் என எதுகை நயத்தோடு இணைச்சொற்கள் அமைந்தன. அணு மின் நிலையமும் அவ்வழியே வந்தது. பவர் ஹவுஸ் என்ற இரவற்சொல்லுக்கு இவ்வாறு கிளைக்கும் வலிமை தமிழில் வாய்க்கவில்லை.

ஆதலின், பொருளைக் குறிக்குங்கால் மின் நிலையம் என்றே எழுதுவோம். இடப்பெயராக நிலைத்துவிட்ட பவர் ஹவுஸை மாற்ற முற்பட வேண்டா. மாற்றினும் நடத்துநர் கேட்கப்போவதில்லை.