மரண மற்போர்: அதன் கவர்ச்சியும் குறைபாடுகளும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டு என்றோ நாடகம் என்றோ முற்றாக வகுத்துரைக்க இயலாது, இரண்டிற்கும் இடைப்பட்டு நிற்குங் கலைகளுள் தொழில்முறை மற்போரும் ஒன்று. அதன் வெற்றி தோல்வி முன்னரே தீர்மானிக்கப்படுவது. மல்லர் இருவரும் பகைவர் போலத் தோன்றினும் ஒருவரையொருவர் காத்துக்கொண்டே மோதுவர். ஆயின் இக்கலையின் ஒரு கிளையில் முட்கம்பியும் கண்ணாடியும் வெடிமருந்தும் படைக்கலங்களாகின்றன. அங்கு முடிவு புனைவாயினும் சிந்துங் குருதி புனைவன்று. 'மரண மற்போர்' என வழங்கும் இக்கிளை 1989 ஆம் ஆண்டிற்குப் பின்னர் யப்பானிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வளர்ந்தவாற்றையும், மக்களை அது ஈர்த்தமைக்கான காரணங்களையும், அதன்பாற் காணப்படுங் குறைபாடுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனைக் காட்டுமிராண்டித்தனம் என ஒரு சொல்லால் ஒதுக்குவோரும் உளர். வீரத்தின் உச்சமெனப் போற்றுவோரும் உளர். இவ்விரு சாராரும் இது எத்தகைய பொருளாதாரச் சூழலிற் பிறந்ததென்பதைக் கருத்திற் கொள்வதில்லை. அவ்வினாவிலிருந்தே நாம் தொடங்குதல் வேண்டும்.

மற்போர் அரங்கிற் குருதி சிந்துதல் புதியதொன்றன்று. விரற்கட்டுள் மறைத்து வைத்த சிறு சவர அலகுத் துண்டினால் மல்லன் தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவிற் பல தலைமுறைகளாக இருந்து வந்தது. பெரும் பகை தீர்க்கப்படுஞ் சிறப்புப் போட்டிகளுக்கே அது பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருந்தது. ரெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரை மையமாகக் கொண்டு இயங்கிய மற்போர் வட்டாரத்தில், கோதாவை விட்டு வெளியேறிக் கைக்கெட்டிய பொருளையெல்லாம் எடுத்தடிக்கும் முறையொன்று உருவாயிற்று. 1979 ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்து ரூப்பெலோ நகரில், அரங்கின் சிற்றுண்டிச்சாலைக்குள்ளேயே நிகழ்ந்த கைகலப்பு இம்முறைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாகும். 1981 ஆம் ஆண்டில் அதே நகரில் அதனையொத்த இன்னொரு கைகலப்பு நிகழ்த்தப்பட்டபோது, அதிற் பங்குகொண்ட இளம் யப்பானிய மல்லர் ஒருவரின் பெயர் அற்சுசி ஒனிற்றா என்பதாகும். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இச்செய்தி இன்றியமையாதது.

ஒனிற்றா, ஜயன்ற் பாபா நடத்திய 'அகில யப்பான்' மற்போர் நிறுவனத்திற் பயிற்சி பெற்றவர். முழங்காலில் ஏற்பட்ட கடுங்காயத்தினால் 1985 இல் அவர் ஓய்வுபெற நேர்ந்தது. 1989 ஆம் ஆண்டில் எப்.எம்.டபிள்யூ எனச் சுருக்கமாக வழங்கிய புதிய நிறுவனமொன்றைத் தொடங்கி, அவ்வாண்டு ஒக்ரோபரில் நகோயா நகரிற் கராத்தே வீரரொருவரை எதிர்த்துப் போட்டியிட்டார். பெரிய நிறுவனங்களுக்கிருந்த தொலைக்காட்சி ஒப்பந்தமோ, புகழ்பெற்ற மல்லர் கூட்டமோ, பெருமுதலோ அவரிடம் இருக்கவில்லை. பழுதுற்ற முழங்காலுடன் நுணுக்கமான பிடிகளிலும் பாய்ச்சல்களிலும் ஏனையோருடன் போட்டியிடுதலும் அவருக்கு எளிதன்று. எஞ்சியிருந்த ஒரேயொரு முதல் அவரது உடலின் தாங்குதிறனே. மரண மற்போரின் வரலாற்றில் நாம் முதன்மையாகக் கொள்ள வேண்டிய உண்மை இதுவாகும். முதலற்றவன் தன் காயத்தையே முதலாக்கிய ஒரு தொழிலாக அது பிறந்தது.

அதே 1989 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் வேறொரு நிகழ்ச்சி இடம்பெற்றது. அந்நாட்டின் மிகப் பெரிய மற்போர் நிறுவனம், அரச விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடும் பொருட்டு, தொழில்முறை மற்போர் என்பது உண்மையான போட்டியன்று, பொழுதுபோக்கே என நியூ ஜேர்சி மாநில மேற்சபையின் முன் ஒப்புக்கொண்டது. பல தலைமுறைகளாகக் காக்கப்பட்ட தொழில் இரகசியம் சட்டமன்றப் பதிவேட்டிலேயே ஏறிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஓராண்டில் நேர்ந்தமை தற்செயலே. எனினும் அவற்றை அருகருகே வைத்து நோக்கும்போது ஓருண்மை புலனாகும். 'இஃது அனைத்தும் நடிப்பு' என்பது வெளிப்படையானபின், நடிக்க முடியாத ஒன்றைக் காட்டுபவனுக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று.

1990 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 4 ஆந் திகதி தோக்கியோவின் சியோதொமே திடலில் ஒனிற்றாவும் ரார்சான் கோற்றோவும் மோதிய போட்டி இவ்வகையிற் பெருந்திருப்பமாகும். கோதாவைச் சுற்றியுள்ள கயிறுகளுக்குப் பதிலாக முட்கம்பி கட்டப்பட்டது. அதிற் சிறு வெடிகள் பொருத்தப்பட்டன. உடல் கம்பியில் மோதியதும் வெடி வெடித்தது. யப்பானின் விளையாட்டு நாளேடான 'தோக்கியோ ஸ்போர்ட்ஸ்' இதனையே அவ்வாண்டின் மிகச் சிறந்த மற்போர்ப் போட்டியாகத் தேர்ந்தது. கவனிக்கத்தக்கது யாதெனின், அப்போட்டியின் பெரும்பகுதி வெடிப்பிலன்று, வெடிக்குமோ என்ற ஏக்கத்திலேயே கழிந்தது என்பதாகும். இருவரும் கம்பியை அணுகுவதும் விலகுவதுமே பார்வையாளரை இருக்கையின் நுனியில் நிறுத்தின.

1993 மே 5 ஆந் திகதி கவசாக்கி விளையாட்டரங்கில் ஒனிற்றா அமெரிக்க மல்லரான ரெறி ஃபங்கை எதிர்த்தார். ஒனிற்றா பயின்ற நிறுவனத்திலே 1970 களிற் பெரும்புகழ் ஈட்டியவர் ஃபங்க். அப்போது அவருக்கு வயது 48. குறித்த நேரத்திற் கோதா முழுவதும் வெடிக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. வென்று வெளியேறிய ஒனிற்றா, ஃபங்க் எழ முடியாது கிடப்பதைக் கண்டு மீண்டும் உள்ளே சென்று, அவர்மீது தம் உடலைக் கவிழ்த்துக் காத்தார், வெடியும் வெடித்தது. நிறுவனத்தின் கணக்கின்படி 41,000 பேர் அதனைக் கண்டனர். 1995 மே 5 இல் ஒனிற்றா தம் ஓய்வை அறிவித்து, இளம் மல்லரான ஹயபுசாவுடன் அதே அரங்கில் மோதியபோது 58,250 பேர் வந்ததாக அறிவிக்கப்பட்டது. தொலைக்காட்சியின் துணையின்றித் தொடங்கிய நிறுவனத்திற்கு இது சிறிய வெற்றியன்று. ஒனிற்றா 2001 இல் யப்பானியப் பாராளுமன்ற மேற்சபைக்குத் தெரிவானமை அவர் பெற்ற செல்வாக்கிற்கு வேறொரு சான்றாகும்.

இவ்வெற்றியைக் கண்டு யப்பானிற் பல சிறு நிறுவனங்கள் தோன்றின. அவற்றுளொன்று 1995 ஓகத்தில் நடத்திய 'மரணப் போட்டி மன்னர்' சுற்றில், அமெரிக்கரான மிக் ஃபோலி இறுதியில் ரெறி ஃபங்கை வென்றார். அதே ஆண்டில் உருவான 'பெரும் யப்பான்' நிறுவனம் குழல்விளக்குகளை உடலில் உடைக்கும் முறையைத் தனக்கு அடையாளமாக்கிற்று. அமெரிக்காவில், பிலடெல்பியாவின் தென்பகுதியிற் பிங்கோ ஆட்டம் நடைபெறும் எளிய மண்டபமொன்றை இருப்பிடமாகக் கொண்ட ஈ.சி.டபிள்யூ நிறுவனம் 1994 முதல் இம்முறையைத் தன்வயப்படுத்திற்று. அங்கு பார்வையாளரே தாச்சி முதலான வீட்டுப் பொருட்களைக் கொணர்ந்து மல்லர் கையிற் கொடுத்தனர். பெரிய நிறுவனமும் இதனைப் புறக்கணிக்கவில்லை. 1998 இல் இவ்வகைப் போட்டிகளுக்கெனத் தனிப் பட்டமொன்றை உருவாக்கி ஃபோலிக்கு வழங்கிற்று. 2001 ஏப்பிரலில் ஈ.சி.டபிள்யூ வங்குரோத்தாகியபோது மல்லர் பலருக்குரிய ஊதியம் நிலுவையாகவே நின்றது.

இனி இதன் கவர்ச்சி யாதென நோக்குவோம். பிரெஞ்சு அறிஞர் ரோலன் பார்த் 1957 இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில், மற்போரைக் காண்போர் யார் வெல்வர் என்பதை அறியவன்று, துன்பமும் தோல்வியும் நீதியும் ஐயமறப் புலப்படும் காட்சியைக் காணவே செல்கின்றனர் என விளக்கினார். அவர் கண்ட மற்போரிலே துன்பம் ஒரு குறியீடு. மரண மற்போரிலோ குறியீடும் குறிக்கப்படும் பொருளும் ஒன்றாகி விடுகின்றன. முகத்தில் வழியுங் குருதியைப் பின்வரிசையில் இருப்பவனும் ஐயமின்றி அறிகிறான். அன்றியும், அழகிய உடலோ பெருந்தோற்றமோ இல்லாத, பெரிய நிறுவனங்கள் ஏற்காத மல்லர்க்கு இஃதொரு வாயிலாயிற்று. அவர்கள் வாங்கும் அடிகளிற் பார்வையாளன் தன் வாழ்க்கையின் அடிகளைக் கண்டான். ஒனிற்றா போட்டி முடிவிற் கண்ணீருடன் ஆற்றும் உரைகளுக்கு மக்கள் உருகியமைக்கு இதுவே காரணம் எனலாம்.

திறமையற்றோர் மறைந்துகொள்ளும் இடம் இது என்ற குற்றச்சாட்டு முற்றிலும் பொருந்தாது. கண்ணாடி எங்ஙனம் உடையும், எதிராளியின் எப்பகுதியில் அடித்தல் தகும், எப்போது நிறுத்த வேண்டும் என்பன நீண்ட பயிற்சியால் வருவன. 2009 இல் ஜுன் கசாய், ரியூஜி இற்றோ ஆகிய இருவரிடையே நிகழ்ந்த மரணப் போட்டி, 'தோக்கியோ ஸ்போர்ட்ஸ்' ஏட்டின் அவ்வாண்டுச் சிறந்த போட்டிக்கான விருதைப் பெற்றமை இங்கு நினைவுகூரத்தக்கது.

எனினும் குறைபாடுகள் பெரியன. முதலாவது, கலையின் உள்ளிருந்தே எழுவது. காயத்தைச் சான்றாகக் கொண்ட கலையில் நேற்றைய காயம் இன்றைக்குப் போதாது. முட்கம்பி பழகியதும் வெடியும், வெடி பழகியதும் கண்ணாடியும் வேண்டப்பட்டன. கதை சுருங்கக் கருவி பெருகிற்று. 2021 மார்ச்சில் அமெரிக்காவில் நடைபெற்ற வெடிக்கம்பிப் போட்டியொன்று இதனை நன்கு காட்டுகின்றது. ஜோன் மொக்ஸ்லி, கெனி ஒமேகா ஆகியோர் நெடுநேரம் குருதி சிந்திப் போரிட்டனர். இறுதியிற் கோதாவைத் தகர்க்க வேண்டிய வெடி, சில தீப்பொறிகளுடன் அடங்கிற்று. ஃபங்கை ஒனிற்றா காத்தமை போலவே அங்கும் ஒரு மல்லர் நண்பரைத் தம் உடலாற் காக்க விழுந்தார். ஆயினும் மக்கள் நினைவில் நின்றது வெடிக்காத வெடியே. கருவியை நம்பிய நாடகம் கருவி பொய்த்ததும் வீழ்ந்தது.

இரண்டாவது, உடற்றீங்கு. குழல்விளக்கினுட் பாதரச ஆவியும் நுண்பொடியும் உள்ளன; உடையும்போது அவற்றை மல்லரும் முன்வரிசையினரும் சுவாசிக்கின்றனர். 2009 இல் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் நிக் கேஜ் என்பவர் குழல்விளக்கால் வெட்டுண்டு உலங்குவானூர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 2018 இல் அவருடன் மோதிய திரைப்பட நடிகர் டேவிட் ஆர்க்குவெற்றின் கழுத்து வெட்டுண்டது. குருதிவழித் தொற்று இன்னும் கொடியது. 'அப்துல்லா த புச்சர்' என அறியப்பட்ட முதுபெரும் மல்லர் ஒரே அலகினாற் பிறரையுங் கீறிச் சீ வகை ஈரலழற்சியைப் பரப்பினாரெனக் கனடிய மல்லரொருவர் தொடுத்த வழக்கில், 2014 இல் ஒன்ராறியோ நீதிமன்றம் 23 இலட்சம் கனடிய டொலர் நட்டஈடு விதித்தது.

மூன்றாவதும் முதன்மையானதும் பொறுப்புப் பற்றியது. 1996 நவம்பரில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ரிவியர் நகரில் ஈ.சி.டபிள்யூ நடத்திய காட்சியில், பயிற்சி பெற்றவனெனவும் வயது வந்தவனெனவும் பொய்யுரைத்த 17 வயது இளைஞனொருவன் கோதாவில் ஏற்றப்பட்டான். தன் நெற்றியைக் கீறிவிடும்படி எதிராளியைக் கேட்ட அவன், ஆழமாக வெட்டுண்டு பெருங்குருதி இழந்தான். வெட்டிய மல்லர் 1999 இல் வழக்கிலிருந்து விடுதலையானார். இளைஞன் இசைந்தான் என்பது சட்டத்திற்குப் பொருளுடையதாயிருக்கலாம். ஆனால் அவனது வயதையும் பயிற்சியையும் ஆராய வேண்டியவர் யார் என்ற வினாவை அவ்விசைவு நீக்குவதில்லை. அமெரிக்க மல்லர் பெரும்பாலும் ஊழியராகவன்றித் தனி ஒப்பந்தக்காரராகவே கொள்ளப்படுவர். அதனால் நிறுவனத்தின் மருத்துவக் காப்புறுதியோ ஓய்வூதியமோ அவர்க்கு உரியதாவதில்லை. வருவாய் பகிரப்படுகின்றது, காயம் பகிரப்படுவதில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். 2001 ஒக்ரோபர் 22 இல் தோக்கியோவின் கொறாக்குவென் மண்டபத்தில் ஹயபுசா வெடியாலோ முட்கம்பியாலோ வீழவில்லை. பலமுறை செய்து பழகிய பாய்ச்சலொன்றிற் கயிற்றிற் கால் வழுக்கித் தலைகுப்புற விழுந்து உடல் செயலிழந்தார். ஆகவே எல்லா மற்போரும் ஆபத்தானதே, மரண மற்போரை மட்டும் குறைகூறுவதேன் என வினவலாம். இவ்வினா நியாயமானதே. ஆயின் அது நம் கருத்தை மறுப்பதன்று, விரிப்பதாகும். ஹயபுசாவின் வீழ்ச்சிக்குச் சில மாதங்களின் பின், 2002 பெப்ரவரியில், கடன்பட்ட எப்.எம்.டபிள்யூ மூடப்பட்டது. அதன் தலைவர் அவ்வாண்டு மே மாதத்தில் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். ஹயபுசா ஊன்றுகோலுடன் எழுந்து நிற்குமளவிற்கு மெல்லத் தேறி, 2016 இல் 47 வயதிற் காலமானார். முட்கம்பியின் தழும்பு யாவர்க்குந் தெரிகின்றது. காப்பற்ற தொழிலாளியின் நிலை தெரிவதில்லை. உண்மை ஆபத்து பின்னதிலேயே உள்ளது.

தொகுத்து நோக்கின், மரண மற்போரின் கவர்ச்சியும் குறைபாடும் ஒரே வேரிற் பிறந்தவை எனலாம். நடிப்பென்று அறியப்பட்ட கலையில் நம்பத்தக்க ஒன்றை அது அளித்தது. அந்நம்பிக்கையின் விலையை மல்லனின் உடலிலிருந்தே பெற்றது. சியோதொமேயிலும் கவசாக்கியிலும் மக்கள் மறவாதது குருதியின் அளவன்று. கம்பியின் முன் தயங்கிய காலையும், பகைவனைக் காக்கத் திரும்பிய மனிதனையுமே. ஆகவே இக்கலை வாழக் காயம் பெருக வேண்டுவதில்லை. காயமுற்றவனை யார் காப்பர் என்ற வினாவிற்கு இதனால் வருவாய் பெறுவோர் விடையளிக்கும்வரை, அரங்கில் எழும் ஆரவாரத்தில் நாமும் ஒரு பங்குக்குக் கடன்பட்டவராவோம்.