தேரைச் சந்துக் கிடங்கும் எங்கள் ஊர் ஐஸ் கம்பெனியும்

கூட்டுறவுப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரு பாடத்தை உருப்போட்டிருப்போம். "ராச்டேல் முன்னோடிகள் எத்தனை பேர்? 28 பேர். கடை திறந்த நாள் எது? 21 டிசம்பர் 1844." நானும் அப்படித்தான் படித்து, எழுதி, தேறி, ஒரு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வும் பெற்றேன். அந்தக் கடை எந்த மாதிரிக் கட்டடத்தில் இருந்தது என்று வேலையில் இருந்தவரை நான் யோசித்ததே இல்லை.

அது ஒரு பழைய சரக்குக் கிடங்கு. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், ராச்டேல் என்னும் மில் ஊரில், 'டோட் லேன்' என்ற தெருவில் இருந்தது. நம் பாஷையில் சொன்னால் தேரைச் சந்து. 'பழைய சந்து' என்பதுதான் அந்த ஊர்ப் பேச்சில் திரிந்து தேரையாகிவிட்டது என்பார்கள்.

கிடங்கைத் தேடிப் போனவர்களில் பலர் கம்பளி நெசவாளர்கள். கூலி உயர்வு கேட்டுத் தோற்றுப்போன நேரம் அது. மாவிலும் தேயிலையிலும் கலப்படம். கடைக்காரரிடம் கடன் இருந்ததால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாய்மூடி வர வேண்டிய நிலை. முன்பணம் வாங்கிய வியாபாரிக்கே மீனைப் போட்டுப் பழகிய நம் கடற்கரைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வாரம் இரண்டு பென்ஸ் என்று வீடுவீடாகப் போய் வசூலித்தார்கள். ஆளுக்கு ஒரு பவுன் பங்கு, மொத்தம் 28 பவுன். அந்தப் பணத்துக்கு முழுக் கட்டடமும் கட்டுப்படியாகாது. அதனால் வருஷம் 10 பவுன் வாடகைக்குக் கீழ்த்தளத்தை மட்டும் பிடித்தார்கள். வாடகை போக, சாமான் வைக்கப் பலகைகள் அடித்த செலவு போக, மிஞ்சியதில் வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி வாங்கி வைத்தார்கள். வருஷத்திலேயே நீண்ட இரவு வரும் நாளில் கதவைத் திறந்தபோது தெருப் பையன்கள் கூடி நின்று கேலி செய்தார்களாம்.

சரியான எடை, கலப்படமில்லாத சரக்கு, ரொக்க வியாபாரம், ஆளுக்கு ஒரு ஓட்டு, வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபத்தில் பங்கு. இவைதான் அவர்கள் வகுத்த விதிகள். கல்யாணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராத அந்தக் காலத்திலேயே, 1846ல், ஒரு பெண்ணும் உறுப்பினரானார்.

1849ல் அந்த ஊர்ச் சேமிப்பு வங்கி மோசடியில் மூழ்கியது. கையைச் சுட்டுக்கொண்ட ஜனங்கள், கணக்கை எல்லோர் முன்னும் விரித்து வைக்கும் கடையை நோக்கி வந்தார்கள். முந்தின வருஷம் 140 ஆக இருந்த உறுப்பினர் 390 ஆனார்கள். கடை வளர்ந்தபோது மாடியையும் எடுத்தார்கள். அங்கே பத்திரிகை படிக்கும் அறையும் நூலகமும் வந்தன. பிறகு லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைப் படிப்புக்கென்றே ஒதுக்கினார்கள். கீழே மாவு, மேலே புத்தகம்! பாழுங் கிடங்கு ஊர்ச் சாவடியானது இப்படித்தான். 1867ல் அவர்கள் பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டாலும், பழைய கிடங்கு 1931 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

அந்த லங்காஷயர் நமக்கு அந்நிய ஊர் அல்ல. நம் கரிசல் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறி அந்தப் பக்கத்து மில்களுக்குப் போனது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்நாட்டுப் பஞ்சு வராமல் போனபோது நம் பஞ்சுக்கு விலை எகிறியது. 1904ல் கூட்டுறவுச் சட்டம் வந்த வருஷமே, ராச்டேலைப் பார்த்துச் சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினார்கள். சட்டத்துக்கு முன்னால், கூட்டுறவுக் கடன் பற்றி ஐரோப்பாவில் ஆராய்ந்து அறிக்கை எழுதிய பிரெடரிக் நிக்கல்சன்தான் பின்னர் சென்னை மாகாண மீன்துறையையும் தொடங்கி நடத்தினார். கூட்டுறவும் மீன்துறையும் ஒரே கையால் நம்மிடம் வந்தன என்பது பலருக்குத் தெரியாது.

இனி என் கதை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி மூடிக் கிடந்தது. உப்புக்காற்றில் இரும்பெல்லாம் துருவேறிப் போனாலும் சுவர் கெட்டியாக இருந்தது. "முன்னறையை எடுத்துக்கொள்ளுங்கள், கரண்டு பில்லை மட்டும் கட்டுங்கள்" என்றார் அதன் சொந்தக்காரர். வலை பின்ன நிழல், பிள்ளைகள் படிக்க ஒரு மேஜை, சாயங்காலம் பேப்பர் என்று நாங்கள் கனவு கண்டோம்.

மூன்று கூட்டம் போட்டோம். முதல் கூட்டத்தில் போர்டில் யார் பெயர் என்று சண்டை. இரண்டாவதில், முன்னறை போதாது, முழுக் கட்டடமும் வேண்டும் என்று முடிவு. மூன்றாவதில், அரசாங்கத்துக்கு மனு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுதினேன், நன்றாகவே எழுதினேன். ஆனால் வாரம் ஒரு ரூபாய் வசூலிக்க ஒரு நோட்டு போடலாம் என்று, கணக்கு எழுதிப் பிழைத்த எனக்குத் தோன்றவில்லை. பதிலுக்குக் காத்திருந்தோம். சொந்தக்காரர் காலமானார். பிள்ளைகள் கதவைப் பூட்டினார்கள். இன்று கூரை விழுந்து, உள்ளே சீமைக்கருவேலம் நிற்கிறது.

அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும். பரீட்சையில் 28 என்று சரியாக எழுதி மார்க் வாங்கியவன் நான். அந்த 28 பேரும் கீழ்த்தளத்தோடு தொடங்கினார்கள் என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

மூடிக் கிடக்கும் கட்டடங்கள் நம் கடற்கரையில் இன்னும் இருக்கின்றன. நம் பேரப்பிள்ளைகள் யாராவது அதில் ஒன்றைக் கேட்டுப் போனால், பெரியவர்களாகிய நாம் மனு எழுதித் தர வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து, முதல் வரியில் நம் பெயரையும் பத்து ரூபாயையும் எழுதுவோம்.